மூன்று நாள் விடுமுறையில் பணி வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

பத்து ஆண்டுகளாவது உழைத்த யாருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். ஓய்வு பெறப் போகிறவர்கள், வேலை மாற நினைக்கிறவர்கள், வேலை போனவர்கள் எல்லோருக்கும் இது உதவும். கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் புதுச்சேரி தொழிற்பேட்டைகளிலும் வேலை பார்த்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்த பிறகு எழுதுகிறேன்.

மூன்று நாள் முடிவில் உங்கள் கையில் நான்கு பொருள்கள் இருக்க வேண்டும். ஆண்டுவாரியான ஒரு தாள், நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லும் சில பக்கங்கள், உங்களுக்கு வரவேண்டிய பணத்தின் பட்டியல், அடுத்து செய்ய வேண்டிய இரண்டு மூன்று காரியங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது வரிசையில்தான். “இத்தனை வருடம் உழைத்து என்ன கண்டேன்?” என்ற கேள்வியோடு உட்காருகிறார்கள். அதற்கு மனம் சொல்லும் பதில் பெரும்பாலும் கடைசி ஆறு மாதத்தின் பதில்தான். போன மாதம் மேலாளரோடு மனத்தாங்கல் என்றால் இருபத்தைந்து ஆண்டும் வீண் என்று தோன்றும். போன மாதம் பதவி உயர்வு என்றால் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். ஆகவே தாள்கள் முதலில், தேதிகள் அடுத்து, பிறகு வேலை, பிறகு மனிதர்கள். நல்லது கெட்டது பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

## 1. எந்த விடுமுறை என்று முடிவு செய்யுங்கள்

பொங்கல் வேண்டாம். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், அது முடிந்தால் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா என்று வீடு நிறைய ஆள் இருக்கும். தீபாவளியும் அப்படித்தான்.

நான் பரிந்துரைப்பது ஆயுத பூஜையும் விஜயதசமியும் வார இறுதியை ஒட்டி வரும் ஆண்டு. எப்படியும் அலமாரியை ஒழிப்போம், கருவிகளைத் துடைத்து வைப்போம். பழைய கோப்புகள் தானாகவே வெளியே வரும். வீட்டில் பேச்சும் தொழிலைச் சுற்றியே இருக்கும்.

கடலூரில் குடியிருந்து புதுச்சேரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆகஸ்ட் 16-உம் நவம்பர் 1-உம் புதுச்சேரியில் அரசு விடுமுறை, தமிழ்நாட்டில் வேலை நாள். அந்த நாள் வாரநாளில் வந்து உங்களுக்கும் விடுமுறை கிடைத்தால், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், வீடு அமைதியாக இருக்கும். அதோடு சனி, ஞாயிறைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுச்சேரியில் விடுதி, உணவகத் தொழிலில் இருப்பவர்களுக்கு நீண்ட வார இறுதி என்றாலே இரட்டை வேலை. அவர்கள் கூட்டம் வடிந்த பிறகு வரும் வாரநாட்களில் இதைச் செய்யலாம். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. வலை பின்னுவதும் படகு பழுது பார்ப்பதும் போக, மாலைகள் மிச்சம் இருக்கும்.

## 2. ஒரு வாரம் முன்பே சேர்க்க வேண்டியவை

விடுமுறை நாளில் வங்கி இருக்காது, ஜெராக்ஸ் கடை பாதி மூடியிருக்கும், பழைய அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. ஒரு தாள் கிடைக்காமல் முதல் நாளே நின்றுபோனவர்கள் நிறைய. எனவே தேடும் வேலை விடுமுறைக்கு முன்பே முடிய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆதாரோடு இணைந்த கைபேசி எண். அது பழைய எண்ணாக இருந்தால் வருங்கால வைப்பு நிதி இணையதளத்துக்கான ஒருமுறைக் கடவுச்சொல் எங்கோ போகும், நீங்கள் உள்ளே நுழையவே முடியாது. எண்ணை மாற்றி, அது நடைமுறைக்கு வர நாளாகலாம். வேலை மாறினாலும் மாறாத உங்கள் வைப்பு நிதிப் பொது எண்ணான யூ.ஏ.என். எண்ணைப் போட்டு ஒரு முறை உள்ளே போய் வந்துவிடுங்கள். இந்த எண் 2014-இல்தான் வந்தது. அதற்கு முன் வேலையை விட்டவர்கள் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும் வைப்பு நிதிக் கணக்கு எண்ணைத் தேடி எடுக்க வேண்டும்.

அடுத்தது தாள்கள். பணி நியமன ஆணை, விடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வருமான வரிப் படிவம் 16, இ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் பாஸ்புக். ஆண்டுக்கு ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தால் போதும். எல்லா மாதத்துக்கும் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் காலாவதியான பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள். போன தேதியையும் வந்த தேதியையும் குடிவரவு முத்திரைகள் துல்லியமாகச் சொல்லும். கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு, கப்பல் பணிக்காலத்தைப் பதியும் சி.டி.சி. புத்தகமே ஆண்டுத் தாளின் பாதி.

“எனக்குத் தாளே கிடையாது” என்பவர்கள் உண்டு. முந்திரி உடைத்தவர்கள், வீட்டில் தையல் போட்டவர்கள், கட்டட வேலை பார்த்தவர்கள். அவர்கள் வேறு இடத்தில் தேட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவின் பாஸ்புக், நல வாரிய அட்டை, நகை அடகு ரசீது, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமணப் பத்திரிகை. நகையை எப்போது வைத்தோம், எப்போது மீட்டோம் என்பது எந்த ஆண்டு வேலை இருந்தது, எந்த ஆண்டு இல்லை என்பதை நன்றாகவே காட்டும்.

வெள்ளத்தில் தாள்கள் போனவர்கள் கடலூரில் பலர். அவர்கள் வங்கியில் பழைய கணக்கு அறிக்கை கேட்டு எழுதிக் கொடுங்கள். சம்பளம் எந்தப் பெயரில், எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது என்பது அதில் இருக்கும்.

கடைசியாக ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, ஒரு சார்ட் அட்டை, பென்சில், ரப்பர். கைபேசியில் எழுத வேண்டாம். எல்லா ஆண்டுகளையும் ஒரே பார்வையில் பார்க்க அதில் வழியில்லை. மேலும் அழைப்பு ஒன்று வந்தால் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும்.

## 3. முதல் நாள் காலை: ஆண்டுத் தாள்

சார்ட் அட்டையை நீளவாக்கில் வைத்து, முதல் வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை ஆண்டுக்கு ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டம்: எங்கே, யாரிடம், என்ன பெயரில், என்ன சம்பளம், வீட்டில் என்ன நடந்தது.

“எங்கே”, “யாரிடம்” என்ற இரண்டையும் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆலைக்குள் பதினைந்து ஆண்டு போய் வந்தவர், மூன்று ஒப்பந்ததாரர்களிடம் வேலை பார்த்திருப்பார். அவர் மனதில் அது ஒரே வேலை. வைப்பு நிதிக் கணக்கிலோ மூன்று வேலை, சில சமயம் மூன்று வெவ்வேறு உறுப்பினர் எண். இதைப் பிரிக்காமல் எழுதினால் மாலையில் கணக்குப் பார்க்கும்போது ஒன்றும் பொருந்தாது.

“என்ன பெயரில்” என்ற கட்டத்தில் ஆணையில் உள்ள பதவியை எழுதுங்கள். உதவியாளர் என்று நியமித்து ஆபரேட்டர் வேலை வாங்கியிருந்தால், அதை நாளை எழுதுவோம். இன்று தாளில் இருப்பது மட்டும்.

“வீட்டில் என்ன நடந்தது” என்ற கட்டத்தை விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதை விடாதீர்கள். குழந்தை பிறந்தது, அம்மா படுத்த படுக்கையானது, மனைவி வேலையை விட்டது எல்லாம் அங்கே வர வேண்டும். நீங்கள் இரவு ஷிப்டுக்குப் போக முடிந்தது, விடிகாலையில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப இன்னொருவர் இருந்ததால். அந்தப் பெயரும் அந்த ஆண்டின் வரியில் இருப்பதுதான் நியாயம். இந்தக் கட்டத்தை நிரப்ப வீட்டில் இருப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தேதிகள் அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும்.

இன்று எந்தக் கட்டத்திலும் கருத்து எழுதக் கூடாது. “மோசமான கம்பெனி”, “பொற்காலம்” என்று எழுதத் தொடங்கினால் பென்சில் அங்கேயே நின்றுவிடும்.

## 4. தேதி தெரியாத இடங்களை ஊர் நிகழ்வுகளால் நிரப்புங்கள்

எப்படியும் நடுவில் நான்கைந்து ஆண்டு குழம்பிக் கிடக்கும். “2003-ஆ 2005-ஆ?” என்று யோசித்துக்கொண்டிருந்தால் பதில் வராது. ஆனால் “சுனாமிக்கு முன்பா பின்பா?” என்று கேட்டால் கடலூர்க்காரர் யாரும் தயங்காமல் சொல்லிவிடுவார். அன்று எங்கே நின்றோம், யார் தொலைபேசியில் கூப்பிட்டார், ஷிப்டுக்குப் போனோமா என்பது வரை நினைவிருக்கும். நம் ஊரில் காலத்தை அளக்க நம்பகமான அளவுகோல் புயலும் வெள்ளமும்தான்.

சார்ட்டின் ஓரத்தில் இவற்றைச் சிவப்பு மையில் குறித்துவிடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு. 2020 மார்ச் ஊரடங்கு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும், அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும். கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. வந்த நாள், நல்ல அடையாளம்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். அன்று எந்த இடத்தில் வேலை? அந்த மாதச் சம்பளம் வந்ததா? அதற்குப் பிறகு எவ்வளவு நாளில் அந்த இடத்தை விட்டேன்?

இரண்டாவது கேள்வியை வலியுறுத்திச் சொல்கிறேன். தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த மாதங்களிலும், 2020 ஊரடங்கிலும், பலருக்குச் சம்பளம் நின்றது. நடுவில் விழுந்த அந்தப் பள்ளத்தைத் தங்கள் குறையாக நினைத்தே பலர் இன்றுவரை இருக்கிறார்கள். “அந்த வருடம் நான் சும்மா இருந்துவிட்டேன்” என்பார்கள். தாளில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிடும். இந்த ஒரு காட்சிக்காகவே ஆண்டுத் தாளைப் போடலாம்.

## 5. முதல் நாள் மாலை: வரவேண்டிய பணம்

இதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். தேதிகள் கண் முன்னால் இருக்கும்போதே பார்த்தால்தான் பிழை தெரியும்.

வைப்பு நிதி உறுப்பினர் தளத்தில் பணி வரலாறு என்ற பக்கத்தைத் திறந்து, ஆண்டுத் தாளோடு ஒப்பிடுங்கள். மூன்று பிழைகளைத் தேட வேண்டும்.

முதலாவது, வெளியேறிய தேதி இல்லாதது. பழைய முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருப்பார். அது இல்லாவிட்டால் அந்தக் கணக்கைப் புதிய கணக்கோடு சேர்ப்பதில் சிக்கல் வரும். கடைசிச் சந்தா கட்டப்பட்டு இரண்டு மாதம் கழிந்திருந்தால், ஆதார் இணைப்பு உள்ள உறுப்பினர் தாமே அந்தத் தேதியைத் தளத்தில் பதியலாம். தவறான தேதியைப் போட்டுவிட்டால் திருத்துவது பெரும் பாடு. அதனால்தான் காலையில் தாள் போடச் சொன்னேன்.

இரண்டாவது, ஒரு வேலையின் முடிவுத் தேதி அடுத்த வேலையின் தொடக்கத் தேதிக்குப் பின்னால் இருப்பது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்ததாகக் கணக்கு காட்டும். கோரிக்கைகள் நிராகரிக்கப்பட இதுவும் ஒரு காரணமாக இருந்தது.

மூன்றாவது, இரண்டு யூ.ஏ.என். எண்கள். புதிய வேலையில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் இன்னொன்று உருவாகிவிடும். பழைய எண்ணில் உள்ள பணத்தையும் பணிக்காலத்தையும் இப்போதைய எண்ணுக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே நின்று ஓய்வூதியத்தைப் பாருங்கள். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 2014 செப்டம்பரிலிருந்து அதற்கான சம்பள உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய், ஆகவே மாதம் 1,250 ரூபாய் வரை. வைப்பு நிதிப் பாஸ்புக்கில் அதற்கெனத் தனிக் கட்டம் இருக்கிறது. மாதாந்திர ஓய்வூதியம் பெறப் பத்தாண்டு தகுதிப் பணி வேண்டும், முழு ஓய்வூதியம் 58 வயதில். இந்தப் பத்தாண்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை, பல இடங்களின் பணிக்காலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் வேலையை விட்ட கையோடு ஓய்வூதியப் பங்கையும் திரும்பப் பெற்றிருந்தால் அந்தக் காலம் கணக்கில் வராது. ஒப்பந்த வேலை முடியும் ஒவ்வொரு முறையும், “எடுத்துவிடு தம்பி, கிடைப்பது கிடைக்கட்டும்” என்று யாரோ சொல்ல, இளைஞர்கள் எடுத்துவிடுகிறார்கள். பதினெட்டு ஆண்டு உழைத்த ஒருவரின் தாளில் தகுதிப் பணி ஆறு ஆண்டுதான் நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். உங்கள் வீட்டில் இளைஞர் இருந்தால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். பத்தாண்டு ஆகாதவர் பணத்தை எடுப்பதற்குப் பதிலாக, பணிக்காலத்தைப் பதிந்து தரும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் பணிக்காலம் பத்திரமாக இருக்கும்.

தோராயக் கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை (உச்சவரம்புக்குள்) பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய், 14 ஆண்டு என்றால் மாதம் 3,000 ரூபாய். சிறிய தொகைதான். அதைத் தெரிந்துகொண்டு மற்றதைத் திட்டமிட வேண்டும்.

பணிக்கொடையையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றி விலகியவருக்கு, கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்கினால் வருவது பணிக்கொடை. 20,000 ரூபாய், 8 ஆண்டு என்றால் சுமார் 92,300 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது உண்டு. வாங்கினோமா இல்லையா என்பதே நினைவில்லாதவர்கள் வங்கி அறிக்கையில் விலகிய மாதத்தையும் அடுத்த சில மாதங்களையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதோடு முதல் நாள் போதும். கண் சோர்ந்திருக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ, புதுச்சேரி என்றால் மாலையில் வண்டிகள் வராத கடற்கரைச் சாலைக்கோ நடந்துவிட்டு வாருங்கள்.

## 6. இரண்டாம் நாள்: ஒரு சாதாரண நாளை முழுதாக எழுதுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஆண்டுத் தாளில் நீண்ட காலம் இருந்த வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் விழா நாள், விபத்து நடந்த நாள், விருது வாங்கிய நாள் எதுவும் வேண்டாம். ஒன்றும் நடக்காத ஒரு புதன்கிழமையை எடுத்து, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பியது வரை கை என்ன செய்தது என்று எழுதுங்கள். “பார்த்துக்கொண்டேன்”, “கவனித்தேன்”, “மேற்பார்வை செய்தேன்” போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, எதை, எப்படி என்று எழுதுங்கள்.

ஒரு ரசாயன ஆலையில் பல ஆண்டு ஃபிட்டராக இருந்தவரின் நோட்டில் முதலில் இருந்தது ஒரே வரி: “பராமரிப்பு வேலை பார்த்தேன்.” ஒரு நாளை எழுதச் சொன்ன பிறகு வந்தது இது. காலை ஆறு மணி ஷிப்ட். பம்பில் கிளாண்ட் பேக்கிங் மாற்ற வேண்டும், அதாவது தண்டைச் சுற்றிக் கசிவைக் கட்டுப்படுத்தும் கயிற்று வளையங்களை. வேலை அனுமதிச் சீட்டு வாங்கி, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, வால்வுகளை மூடி, உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகு நட்டைத் தளர்த்துவார். பழைய வளையங்களைக் கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்தெடுப்பார். அடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் ஒரு வாரம் தாங்காது. புதிய கயிற்றைத் தண்டின் அளவுக்கு 45 டிகிரி சாய்வில் வெட்டி, ஒரு வளையத்தின் மூட்டு அடுத்ததன் மூட்டுக்கு நேரே வராமல் 90 டிகிரி தள்ளித் தள்ளி உட்கார வைப்பார். இரண்டு நட்டுகளையும் சமமாக முறுக்குவார். ஆனால் முழுதாக இறுக்க மாட்டார். சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், அந்தக் கசிவுதான் தண்டைச் சூடேறாமல் காக்கும். புதிதாக வந்த பயிற்சியாளர் கசிவைப் பார்த்ததும் இன்னும் இறுக்குவார், தண்டு தேய்ந்து போகும். இவர் கையை மேலே வைத்துப் பார்த்துவிட்டு, கால் சுற்றுத் தளர்த்துவார்.

எழுதி முடித்துவிட்டு அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு இவ்வளவு தெரியும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. கால் சுற்றுத் தளர்த்தும் அந்தக் கைப்பழக்கத்துக்குச் சான்றிதழ் கிடையாது, சம்பளச் சீட்டில் இடமும் கிடையாது. அவரே எழுதினால்தான் உண்டு.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்பு தரம் பிரித்த அம்மா ஒருவருக்கும் இப்படித்தான். “சும்மா உட்கார்ந்து பொறுக்கிய வேலை” என்றார். முழுப்பருப்பில் 240, 320 என்ற தரங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு என்பதைக் குறிக்கின்றன. எடை போடாமல், கண்ணாலும் விரலாலும், பேசிக்கொண்டே அதைப் பிரித்திருக்கிறார். தோல் உரிக்கும்போது பருப்பு உடையாமல் எங்கே அழுத்த வேண்டும் என்பதும் தெரியும். உடைந்தால் விலை குறையும், கூலியிலும் பிடிப்பார்கள். ஓட்டுப் பால் பட்டு விரல் நுனி வெந்த வரலாறும் அதே பக்கத்தில் வர வேண்டும். வேலையை எழுதும்போது அது உடம்பில் விட்டுப்போனதையும் எழுதுங்கள். இடுப்பு வலி, காது மந்தம், இருமல் எந்த ஆண்டு தொடங்கியது என்று ஆண்டுத் தாளில் குறித்தால் மருத்துவரிடமும் அது பயன்படும்.

அலுவலக வேலை பார்த்தவர்களுக்கு இது இன்னும் கடினம். கை செய்தது கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் அன்று எடுத்த ஒரு முடிவை எழுதலாம். எந்தக் கோப்பு வந்தது, எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தது, யாரிடம் கேட்டீர்கள், எதைத் தடுத்தீர்கள்.

ஒவ்வொரு பெரிய வேலைக்கும் இப்படி ஒரு நாள். மூன்று நாள்களை எழுதினாலே காலைப் பொழுது ஓடிவிடும். நான்காவதற்கு ஆசைப்படாதீர்கள்.

## 7. விலகிய இடங்கள்

ஒவ்வொரு இடத்தையும் ஏன் விட்டீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு மேல் போனால் வழக்காடத் தொடங்கிவிடுவீர்கள். எழுதிய பிறகு ஆண்டுத் தாளின் ஐந்தாவது கட்டத்தைப் பாருங்கள். “மேலாளர் சரியில்லை” என்று எழுதிய ஆண்டில் அப்பா மருத்துவமனையில் இருந்திருப்பார். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

## 8. இரண்டாம் நாள் மாலை: மனிதர்கள்

மூன்று பெயர்ப் பட்டியல்கள் போடுங்கள். உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள், நீங்கள் கற்றுக்கொடுத்தவர்கள், இடர் வந்தபோது கூட நின்றவர்கள். பகைவர் பட்டியல் வேண்டாம். அது தானாகவே நினைவில் இருக்கும்.

முதல் பட்டியலில் வயதில் மூத்தவரை முதலில் கூப்பிடுங்கள். ஆலையில் “அண்ணே” என்று கூப்பிட்டவரை அப்படியே கூப்பிடுங்கள். ஷிப்ட் பொறுப்பாளரை “சார்” என்றுதான் பழக்கம் என்றால் அதுவே இருக்கட்டும். அந்த ஒரு சொல்லில் அவருக்கு உங்கள் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

நலம் விசாரித்துவிட்டு, உடனே ஒரு செய்தியைக் கேளுங்கள். “அண்ணே, தானே புயலுக்கு அடுத்த வாரம் பாய்லரை மறுபடி ஓட்டியபோது நாம் எத்தனை பேர் இருந்தோம்?” இப்படிக் கேட்டால் பேச்சு திறக்கும். “பழைய நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது, இரண்டு நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும். பேசும்போதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நினைவும் அவர் நினைவும் மோதினால் இரண்டையும் எழுதுங்கள், வாதிட வேண்டாம்.

சிலர் காலமாகியிருப்பார்கள். அழைப்பை மகனோ மகளோ எடுப்பார்கள். அப்போது, “உங்கள் அப்பாவிடம்தான் வெல்டிங் கற்றேன்” என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அப்பாவின் தொழில் முகம் பெரும்பாலும் தெரிந்திருக்காது. ஒரு சம்பவத்தைச் சொன்னால் அவர்கள் அதை வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்வார்கள்.

எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்கும் ஆசை இந்த இடத்தில் வரும். மூன்று நாள் முடியட்டும். இப்போது தொடங்கினால் காலை வணக்கப் படங்களில் விடுமுறை கரைந்துவிடும்.

## 9. மூன்றாம் நாள்: வாசித்து, குறியிடுங்கள்

காலையில் எல்லாவற்றையும் வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, நீங்கள் கேளுங்கள். நீங்களே வாசித்தால் கண் தாவிப் போகும். மற்றவர் குரலில் கேட்கும்போது எங்கே பூசி மெழுகியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். வாசிப்பவர் குறுக்கே கேள்வி கேட்டால் பதிலை ஓரத்தில் எழுதுங்கள்.

பிறகு பச்சை, நீலம், கறுப்பு என்று மூன்று நிறம். மறுபடி கிடைத்தால் விரும்பிச் செய்யும் வேலைக்குப் பச்சை. உடம்போ மனமோ இனி தாங்காத வேலைக்குக் கறுப்பு. தொடங்கி முடிக்காமல் நிற்பதற்கு நீலம். அப்போதுதான் மதிப்பீடு வருகிறது. இந்த இடத்தில் அது கடைசி ஆறு மாத மனநிலையிலிருந்து வராமல், எழுதி வைத்த பக்கங்களிலிருந்து வரும்.

பலரும் இங்கே செய்யும் தவறு, உடன் படித்தவரோடு ஒப்பிடுவது. சென்னைக்குப் போனவன் வீடு கட்டிவிட்டான், துபாய்க்குப் போனவன் நிலம் வாங்கிவிட்டான் என்று பேச்சு போகும். அவர்களுடைய ஆண்டுத் தாள் உங்களிடம் இல்லை. ஐந்தாவது கட்டத்தில் அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இந்தப் பேச்சு எழுந்தால் நோட்டை மூடிவிட்டு, சாப்பிட்ட பிறகு திறவுங்கள்.

வேலை மாற நினைப்பவர்கள் பச்சைக் குறிகளை மட்டும் தனித்தாளில் பெயர்த்தெழுதுங்கள். புதிய தன்விவரக் குறிப்பு அங்கிருந்து வரட்டும். “பராமரிப்பில் 20 ஆண்டு அனுபவம்” என்ற வரியைவிட, “பம்ப், வால்வு, கிளாண்ட் பேக்கிங், வேலை அனுமதி நடைமுறை, பயிற்சியாளர்களுக்குக் கற்றுத்தருதல்” என்ற வரி நேர்காணலில் பேச இடம் கொடுக்கும்.

ஓய்வு பெறப் போகிறவர்கள் நீலக் குறிகளிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் ஒன்றும் முடியாது.

## 10. அடுத்த வேலை நாளில்

முதல் நாள் கண்ட பிழைகளை இங்கே தீர்க்கத் தொடங்குங்கள். வெளியேறிய தேதி, கணக்கு மாற்றம், நியமனதாரர் (நாமினி) பெயர் என்ற வரிசையில். நியமனதாரரைத் திருமணத்துக்கு முன் பதிந்து மாற்றாமல் விட்டவர்கள் முதலில் அதைச் சரிபாருங்கள். தளத்தில் தீராத சிக்கலுக்கு, மாதந்தோறும் 27-ஆம் தேதியை ஒட்டி வைப்பு நிதி அமைப்பு மாவட்டங்களில் நடத்தும் குறைதீர் முகாமுக்குப் போகலாம். ஆண்டுத் தாளின் நகலும் சம்பளச் சீட்டுகளும் கையில் இருந்தால் அங்கே உங்கள் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.

பணிச் சான்றிதழ் இல்லாத பழைய நிறுவனத்துக்கு இந்த வாரமே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிப் பதவி நான்கும் அதில் இருக்கட்டும். நிறுவனம் மூடப்படுவதற்குள், அங்கே உங்களைத் தெரிந்த எழுத்தர் ஓய்வு பெறுவதற்குள் கேட்பது நல்லது.

எல்லாத் தாள்களையும் படமெடுத்துக் கைபேசியில் ஒன்றும், பிள்ளைகளில் ஒருவரிடம் ஒன்றுமாக வையுங்கள். மூலத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டை, நிலப் பத்திரத்தோடு வீட்டின் உயரமான பரணில் வைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் உள்ள டிரங்குப் பெட்டியில் வேண்டாம், அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.